தோட்டப்புற ஊரில் ஆதரவுக் குழு நடத்தக் கற்றுக்கொள்வது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் ஆதரவுக் குழு தொடங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கோர்ஸுக்குப் போகலாம்?" என்பதுதான். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இரண்டு நாள் பட்டறை, ஒரு சான்றிதழ், ஒரு கோப்பு. ஊருக்குத் திரும்பி, கோயில் மண்டபத்தில் பத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தால், ஒரு அம்மா அழத் தொடங்கியதும் அந்தக் கோப்பில் உள்ள எதுவும் நினைவுக்கு வராது.

பட்டறை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழு நடத்தும் திறமை வேறு மூன்று இடங்களில்தான் வளர்கிறது. அனுபவமுள்ள ஒருவர் நடத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, அமர்வு முடிந்த அன்றே எழுதி வைப்பது, எழுதியதை மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் (உங்கள் குழு வேலையைக் கேட்டு வழிகாட்டும் அனுபவசாலியிடம்) கொண்டுபோய்ப் பேசுவது. கையில் பணமும் நேரமும் குறைவு என்றால் பட்டறையைத் தள்ளிப்போடுங்கள், மேற்பார்வையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தக் குழு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆதரவுக் குழுவில் ஒரே மாதிரியான கஷ்டம் உள்ளவர்கள் கூடிப் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளையை இழந்தவர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், குடிகாரக் கணவரோடு வாழும் பெண்கள் போன்றவர்கள். திறன் பயிற்சிக் குழு என்றால் கோபத்தை அடக்குவது, பிள்ளைகளோடு பேசுவது என்று வாரம் ஒரு பாடம் இருக்கும். இந்த இரண்டையும் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் நடத்தலாம். மூன்றாவது, சிகிச்சைக் குழு. மன நோயையோ ஆழமான காயத்தையோ குணப்படுத்தும் நோக்கம் கொண்டது. அதைத் தகுதி பெற்ற மனநல வல்லுநர்தான் நடத்த வேண்டும்.

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி (சட்டம் 580) கவுன்சலர் வாரியத்தில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே நோட்டீஸில், கோயில் அறிவிப்பில், வாட்ஸ்அப் செய்தியில் 'கவுன்சலிங்' என்று போடாதீர்கள். 'ஆதரவுக் குழு', 'கூடிப் பேசும் குழு' என்று போடுங்கள். மேடையில் உங்களை அறிமுகப்படுத்தும் தலைவர் ஆர்வத்தில் 'நம்ம கவுன்சலர்' என்று சொல்லிவிட்டால் அங்கேயே மரியாதையாகத் திருத்திவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் இல்லை. கவுன்சலர் என்று நம்பி வருகிறவர், ஆதரவுக் குழுவால் தாங்க முடியாத சுமையை அங்கே இறக்கி வைத்துவிடுவார்.

பார்த்துப் பழகும் காலம்

குறைந்தது ஆறு முதல் எட்டு அமர்வு பார்வையாளராக உட்காருங்கள். அடுத்த சுற்றில் (8 முதல் 12 வாரம் ஒரு சுற்று) துணை வழிநடத்துநர், அதற்கடுத்த சுற்றில் நீங்கள் முதன்மை, அனுபவசாலி துணை. வாரம் ஒன்று என்று வைத்தால், இடைவெளியைச் சேர்க்காமலே ஐந்து முதல் எட்டு மாதம் ஆகும். ஊரில் அனுபவசாலி யாரும் இல்லை என்றால் பக்கத்து ஊர்க் குழுவுக்கு வண்டிச் செலவு போட்டுப் போய் வருவது வீண் இல்லை.

சும்மா பார்த்தால் கதை மட்டும்தான் மனதில் நிற்கும். குழு எப்படி ஓடுகிறது என்பது பிடிபட ஒரு எளிய பயிற்சி உண்டு. குழுவின் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு தாளில் வட்டம் போட்டு, நாற்காலி வரிசைப்படி க, ச, ட, த என்று எழுத்து வையுங்கள். பெயர் வேண்டாம். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் பேசினால் அவரிடமிருந்து ஓர் அம்புக்குறி. பொதுவாகப் பேசினால் அம்பு வட்டத்தின் நடுவுக்குப் போகும். பதினைந்து நிமிடம் போட்டால் போதும். தாளை யார் கேட்டாலும் காட்டுங்கள், முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரத்தில் அம்பெல்லாம் வழிநடத்துநரை நோக்கியே பாயும். அது இயல்பு. ஆறாவது வாரமும் அப்படியே இருந்தால் வழிநடத்துநர் எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்கிறார் என்று அர்த்தம். ஓர் எழுத்திலிருந்து அம்பே கிளம்பவில்லை என்றால், அவருக்கு நேர் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பல நேரம் மாமியார் வழிச் சொந்தமோ வேலையிடத்தில் வேலை வாங்கும் மண்டோரோ இருப்பார்.

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் சொன்ன கட்டங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுகூடுதல், முட்டிக்கொள்ளுதல், ஒழுங்குக்கு வருதல், செயல்படுதல். 1977-இல் பிரிதலையும் சேர்த்தார். மூன்றாம் நான்காம் வாரத்தில் இரண்டு பேர் உரசிக்கொண்டால் புதியவர் பயந்து, குழுவே கெட்டுவிட்டதாக நினைத்துக் கலைத்துவிடுகிறார். அந்த உரசலைப் பேசித் தாண்டிய குழுதான் பிறகு மனம் திறக்கும்.

இடம், நேரம், ஆள்

ஆறு முதல் பத்துப் பேர். நான்குக்குக் கீழே போனால் ஒருவர் வராவிட்டாலும் கனம் கூடிவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் கூச்ச சுபாவம் உள்ளவர் தப்பித்துக்கொள்வார். வாரம் ஒருமுறை, 90 நிமிடம், 8 முதல் 12 வாரம் ஒரு சுற்று.

தோட்டப்புறத்தில் நேரம் குறிப்பதுதான் பாதி வேலை. பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே கிளம்பி மதியம் திரும்புவார்கள், மாலை ஏழு மணிக்கு மேல் கண் செருகும். தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட் வாரா வாரம் மாறும். சம்பளம் போட்ட முதல் சனி, ஞாயிறு யாரும் வரமாட்டார்கள். தைப்பூசம், ஊர்க் கோயில் திருவிழா, பள்ளி விடுமுறை மூன்றையும் நாள்காட்டியில் குறித்துவிட்டுத்தான் சுற்றைத் தொடங்க வேண்டும். லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு வீடமைப்புப் பகுதியான தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் சிதறி இருப்பதால், வண்டி இல்லாத பெண்களை யார் ஏற்றி இறக்குவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். வழிநடத்துநரே ஏற்றிவந்தால் வண்டிக்குள் தனிக் குழு ஒன்று உருவாகிவிடும். வேறு ஆள் பாருங்கள்.

கோயில் மண்டபம் வசதிதான், ஆனால் நான்கு பக்கமும் திறந்திருக்கும், பூசை நேரத்தில் மணி அடிக்கும், வேற்று மதத்தவர் தயங்குவார்கள். சமூக மண்டபமான பாலாய் ராயாவில் பூப்பந்து ஆடுகிறவர்கள் இருப்பார்கள். தமிழ்ப்பள்ளி வகுப்பறை கிடைத்தால் நல்லது, சிறுவர் நாற்காலி மட்டும் வேண்டாம், முழங்கால் வலிக்காரர்கள் பத்தாவது நிமிடமே நெளிவார்கள். மேசை இல்லாமல் வட்டமாகப் போடுங்கள். எல்லாம் ஒரே உயர நாற்காலி. கதவைப் பார்த்த மாதிரி வழிநடத்துநர், அவருக்கு நேர் எதிரே துணை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதிப் பேரின் முகம் இருவர் கண்ணிலும் படாது.

வரச் சம்மதித்த ஒவ்வொருவரையும் முன்கூட்டியே தனியாக 20 நிமிடம் சந்தியுங்கள். என்ன எதிர்பார்க்கிறார், இப்போது மருந்து சாப்பிடுகிறாரா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்ததா, குழுவில் யார் இருந்தால் பேச முடியாது. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கணவன் மனைவி ஒரே குழுவில் வேண்டாம். மாமியார் மருமகளும் வேண்டாம்.

90 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

முதல் 10 நிமிடம் சுற்றி வருதல்: ஆளுக்கு ஒரு வாக்கியம், "இந்த வாரம் எப்படிப் போனது?" அடுத்த 10 நிமிடத்தில் போன வாரம் விட்ட இடத்தைத் தொடுங்கள். பிறகு 50 நிமிடம் முக்கியப் பேச்சு. கடைசி 20 நிமிடத்தை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதில் பத்து நிமிடம் உணர்ச்சி தணிந்து இறங்கி வருவதற்கு, பத்து நிமிடம் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்கு. அழுத முகத்தோடு ஒருவரை லயத்துக்கு அனுப்பினால் வாசலில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் காரணம் கேட்பார்கள். அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

தேநீரும் பலகாரமும் முடிந்த பிறகுதான். முன்னால் வைத்தால் அரட்டையில் இருபது நிமிடம் கரைந்துவிடும்.

வாயைக் கட்டிப் பழகுவது

நம் மக்களிடம் அறிவுரை சொல்வது அன்பின் அடையாளம். ஒருவர் வாய் திறந்ததும் நாலு பக்கமிருந்தும் "நான் ஒன்னு சொல்லவா" என்று வரும். வழிநடத்துநருக்கும் நாக்கு துடிக்கும். முதல் ஆண்டில் பழக வேண்டியது இதை அடக்குவதைத்தான். ஒரு பெண், "எவ்வளவு சொன்னாலும் அவரு கேக்கமாட்றாரு" என்றால், "பொறுமையா எடுத்துச் சொல்லும்மா" என்று முடித்துவிடாதீர்கள். "சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போயிட்டீங்க போல" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளம், அவருக்கு இல்லை. பத்துக்குள் அவரே தொடர்வார், அல்லது வட்டத்தில் இன்னொருவர் "எனக்கும் அப்படித்தான்கா" என்பார். அந்த "எனக்கும்" வரும்போதுதான் குழு வேலை செய்கிறது. அதற்கு இடம் விட்டு ஒதுங்குங்கள்.

நிறுத்தாமல் பேசுகிறவரை நிறுத்துவது இன்னொரு கலை. வயதில் மூத்தவரை, அதுவும் கோயில் தலைவரை, இடைமறிப்பது மரியாதைக் குறைவு என்று இளம் வழிநடத்துநர் தவிப்பார். அவர் மூச்சு விடும் இடத்தில் பெயர் முறையோடு நுழையுங்கள்: "அண்ணே, நீங்க சொன்னதுல ஒரு விஷயம் முக்கியமா படுது, தூக்கம் வரலன்னு சொன்னீங்க. இங்க வேற யாருக்கும் அப்படி இருக்கா?" அவர் பேச்சிலிருந்தே ஒன்றை எடுத்து மற்றவரிடம் கொடுத்துவிட்டால் அவமதித்ததாக இருக்காது. கை அசைவும் உதவும். உடம்பை அடுத்தவர் பக்கம் திருப்புங்கள், பார்வையும் அங்கே போகட்டும்.

பேசாமல் இருப்பவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். "பாட்டி, நீங்க கேட்டுக்கிட்டு இருந்தாலே போதும், தோணுனப்ப சொல்லுங்க" என்றால் போதும். பல பாட்டிகள் ஐந்தாவது வாரத்தில்தான் வாய் திறப்பார்கள், திறந்தால் அன்றைய அமர்வே அவர்களுடையது.

கடன் கேட்பது, பொருள் விற்பது, கூட்டு (சீட்டு) கட்டுவது மூன்றும் குழுவுக்குள் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பது ஒருபுறம். பணம் கைமாறிய குழுவில் ஒரு தவணை தவறினால் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் நமக்குப் பெரிய கவலை.

ரகசியம்

எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில், 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கட்டும்' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. வீட்டில் என்ன சொல்லலாம் என்பதைச் சேர்த்தே பழக்குங்கள்: "நான் என்ன பேசினேன், என்ன கத்துக்கிட்டேன்னு சொல்லலாம். வேற யார் வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு சொல்லக்கூடாது." சந்தையில் பார்த்தால் குழுவைப் பற்றிக் கேட்கக்கூடாது. வழிநடத்துநர் தெருவில் முதலில் வணக்கம் சொல்லமாட்டார், உறுப்பினர் சொன்னால் பதில் சொல்வார். இதை முன்பே விளக்காவிட்டால் 'தலைக்கனம்' என்று பெயர் வாங்குவீர்கள்.

வாட்ஸ்அப் குழு திறக்காதீர்கள். எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நள்ளிரவில் ஒருவர் அழுது குரல் பதிவு போடுவார், அதை யாரோ முன்னனுப்புவார்கள். தேவையானால் தனித்தனியாக அனுப்புங்கள். கணவர் கைப்பேசியைப் பார்க்கும் வீடாக இருந்தால் செய்தியில் என்ன எழுதலாம் என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள்.

ரகசியத்துக்கு விலக்கு உண்டு என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும்: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை. குழந்தை விஷயம் என்றால் சமூகநல இலாகாவுக்கோ போலீஸுக்கோ சொல்லியாக வேண்டும். மனைவியை அடிக்கும் வீடு என்றால் நீங்கள் சமரசம் பேசப் போகாதீர்கள், அவர் பேசியது வெளியே போய்விட்டது என்று அன்றிரவே அடி விழும். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் இத்தகைய பாதிப்புக்கான ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், நீதிமன்றம் போகாமலே சமூகநல அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். இதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள்.

குடி நிறுத்தும் குழுவுக்கு ஒரு எச்சரிக்கை

சாமி முன்னால் சத்தியம் செய்து, கையில் கயிறு கட்டி, இன்றோடு விட்டேன் என்பது நம் ஊரில் பெரிய நிகழ்ச்சி. நோக்கம் நல்லது, ஆனால் பல வருடமாகத் தினமும் சம்சு என்ற மலிவுச் சாராயமோ பீரோ அளவுக்கு மீறிக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் குழப்பம், இல்லாத ஆளைப் பார்ப்பது, காய்ச்சல். வீட்டில் இதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்க அழைத்துப்போவார்கள், மணிக்கணக்கு போய்விடும். எனவே வழிநடத்துநர் கேட்க வேண்டியது மூன்று: தினமும் எவ்வளவு, காலையில் எழுந்ததும் நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. காலை நடுக்கமோ வலிப்போ உண்டென்றால் முதலில் அரசு கிளினிக், அப்புறம்தான் குழு.

குடிப்பவருக்கு ஒரு குழு, அவர் குடும்பத்துக்குத் தனிக் குழு. குடிப்பவர்கள் தங்களுக்குள் நடத்தும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' 1935-இல் தொடங்கியது. குடும்பத்தாருக்கான 'அல்-அனான்' 1951-இல் தனியாகவே உருவானது. அந்தப் பிரிவினை இன்றும் சரியானதே.

உயிரை விட நினைப்பதாக ஒருவர் சொன்னால்

நேராகக் கேளுங்கள்: "உயிரை மாய்ச்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்காததால்தான் ஆள் தனிமைப்படுகிறார். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி: எப்படி, எப்போது, கையில் பொருள் இருக்கிறதா. துணை வழிநடத்துநர் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போவார், முதன்மையானவர் குழுவோடு இருப்பார். இதை ஒத்திகை பார்த்து வையுங்கள். ஆளைத் தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 999 அல்லது மருத்துவமனை அவசரப் பிரிவு.

தோட்டப்புறத்தில் புல்லு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாரக்குவாட் என்ற புல்லு மருந்து 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய போத்தல் கொட்டகையில் கிடக்கலாம், மற்ற மருந்துகளும் கொல்லக்கூடியவையே. வீட்டார் ஒருவரிடம் சொல்லி அன்றே அப்புறப்படுத்தச் செய்யுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309, 2023-இல் நீக்கப்பட்டுவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க' என்ற பயமும் உண்டு. 1911-இல் திறந்த அந்த மனநல மருத்துவமனையின் பெயர் பேராக் மக்களுக்கு வசவாகவே ஆகிப்போனது. மன அழுத்தத்துக்கு முதலில் போகும் இடம் ஊர் அரசு கிளினிக்தான், அங்கேயே கேள்வித்தாள் வைத்துப் பரிசோதித்து மருந்தும் தருவார்கள் என்று விளக்குங்கள்.

குழு அறையில் ஒட்ட வேண்டிய உதவித் தொலைபேசி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 (24 மணி நேரம்), தாலியான் காசே 15999 (24 மணி நேரம்), ஹீல் 15555 (காலை 8 முதல் நள்ளிரவு 12 வரை). ஒட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை அழைத்து, எந்த நேரத்தில் தமிழ் பேசுகிறவர் கிடைப்பார் என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எழுதுவதும் மேற்பார்வையும்

ஆட்கள் போனதும் நாற்காலி அடுக்குவதற்கு முன் துணையோடு 15 நிமிடம். எந்த இடத்தில் குழு உயிர் பெற்றது, எந்த இடத்தில் செத்தது, நாம் இருவரும் எங்கே முரண்பட்டோம். வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு தருணத்தை மூன்று பத்தியாக எழுதுங்கள்: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனதில் ஓடியது. மூன்றாவது பத்திதான் முக்கியம். "எரிச்சல் வந்தது, என் அப்பாவைப் போலவே பேசினார்" என்று அங்கே எழுதினால்தான், அவரிடம் மட்டும் நீங்கள் ஏன் சுருக்கமாகப் பேசினீர்கள் என்று புரியும். பெயர், தோட்டத்தின் பெயர், வீட்டு எண் எதுவும் வேண்டாம். நோட்டுப் புத்தகம் பூட்டில் இருக்கட்டும்.

மேற்பார்வை மாதம் ஒருமுறை, 60 முதல் 90 நிமிடம். பதிவு பெற்ற கவுன்சலர், அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணி அதிகாரி, ஓய்வுபெற்ற பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியர் ஆகியோரைக் கேட்டுப் பார்க்கலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் துறை இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். உங்கள் உறுப்பினர்களுக்குச் சொந்தக்காரர் மேற்பார்வையாளராக வேண்டாம். முதல் சந்திப்பில் மூன்று விஷயம் பேசித் தீருங்கள்: கட்டணம், அவசரத்துக்கு எந்த நேரம் அழைக்கலாம், நீங்கள் தவறினால் அவர் எப்படிச் சொல்வார். பாராட்டு மட்டுமே சொல்கிறவர் என்றால் ஆறு மாதத்தில் வேறு ஆள் பாருங்கள்.

பட்டறைக்குப் பணம் சேர்ந்தால் முதலில் உளவியல் முதலுதவி: பார், கேள், இணை என்ற மூன்று படி. ஒரே நாளில் கற்கலாம். அடுத்து, உலகச் சுகாதார நிறுவனம் சாதாரண மக்கள் நடத்துவதற்காகவே உருவாக்கிய ஐந்து அமர்வுப் பிரச்சினை மேலாண்மைத் திட்டத்தின் குழு வடிவம். அதிலும் பயிற்சிக்குப் பிறகு மேற்பார்வை கட்டாயம் என்றே சொல்கிறார்கள்.

சுற்றை முடிப்பது

கடைசி நாளில் திடீரென்று 'இன்னைக்கு முடியுது' என்று சொன்னால், இழப்பில் வந்தவருக்கு இன்னொரு இழப்பு. மூன்று வாரம் முன்பிருந்தே எண்ணிச் சொல்லுங்கள். கடைசி அமர்வில் விருந்தை வைத்து அழுகையை மூடாதீர்கள். முதலில் 90 நிமிடப் பேச்சு, பிறகு சாப்பாடு. மாலை, பொன்னாடை, படம் பிடித்து முகநூலில் போடுவது எதுவும் வேண்டாம்.

கருத்துக் கேட்பதை வழிநடத்துநர் செய்யக்கூடாது. நம்மவர்கள் முகத்துக்கு நேரே "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். குழுவில் இல்லாத ஒருவர், ஒரு வாரம் கழித்து, எழுதத் தெரியாதவரிடம் வாய்மொழியாகவும் மூன்று கேள்வி கேட்கட்டும்: எது உதவியது, எப்போது எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, எதைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள்? பதில்களைப் பெயரில்லாமல் தொகுத்து, முதலில் மேற்பார்வையாளர் முன்னிலையில் படியுங்கள். அடுத்த சுற்றுக்கு ஆள் சேர்ப்பதை அதற்குப் பிறகு தொடங்கலாம்.